எண்பத்து மூன்று பேர், ஒரு கருத்து

ஃபாரம் அக்கா என்று அவளைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். கடைத்தெருவின் நடுவில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கிற எட்டடி அறைதான் அவளுடைய கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வந்தவர் உட்கார நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. ரொம்ப அவசரப்படுத்துகிறவர்களை அதில் உட்கார வைப்பாள்.

பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட், ஓய்வூதியம், மின் இணைப்பு என்று மனிதன் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டியது எதுவானாலும் அவளிடம் வரும். பத்தொன்பது வயதில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கச் சேர்ந்தவள். வக்கீலுக்குச் சட்டம் தெரியும், எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பது டைப்பிஸ்டுக்குத்தான் தெரியும் என்று ஆறே மாதத்தில் கண்டுகொண்டாள். கல்யாணமாகி, பெண் பிறந்து, அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சொந்தமாகக் கடை போட்டாள். பெண் இப்போது வேறு ஊரில் குடித்தனம் செய்கிறாள்.

அக்காவின் தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: மாதிரி. எந்த விண்ணப்பமானாலும் முதலில் ஒன்றைப் பிழையில்லாமல் எழுதுவாள். அது ஆபீஸுக்குப் போய்க் காரியம் நடந்துவிட்டால், பிறகு வருகிற நூறு பேருக்கும் அதே வாசகம்தான். பெயரும் தேதியும் மட்டும் மாறும்.

“கிளார்க்கு ஒரு வரியில நின்னு யோசிச்சாருன்னா அன்னைக்கு அந்த ஃபாரம் நகராது. படிக்காமலே சீல் குத்தணும். அதுக்கு எல்லாம் ஒண்ணு போல இருக்கணும்” என்பாள்.

‘காரணம்’ என்ற கட்டத்தைக் கண்டால் ஜனங்களுக்கு வாய் திறந்துகொள்ளும். அடையாள அட்டையைத் தொலைத்த ஒருத்தி, “அது எங்க சித்தப்பா மகன் வந்தான் பாருங்கக்கா, அன்னைக்கு ஆரம்பிச்சது…” என்று இழுக்கும்போதே, அக்கா ‘பயணத்தின்போது தவறிவிட்டது’ என்று அடித்து முடித்திருப்பாள்.

“நான் எங்கக்கா பயணம் போனேன்?”

“இப்போ ஆபீஸுக்குப் போவீல்ல, அதான்.”

ஃபாரம் எழுத வருகிறவர்கள் போகிற போக்கில் கடைத்தெருவைப் பற்றியும் அவளிடம் விசாரிப்பார்கள். சாவி செய்கிறவர் நம்பர் இருக்கா, தையல் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், கண்ணாடிக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா. முதலில் சுவரில் எழுதி ஒட்டினாள். சுவர் நிறைந்தது. பதினான்கு வருடங்களுக்கு முன், யாரோ கல்லூரிக்காரி சொன்ன யோசனையில், இணையத்தில் ஒரு முகவரி வாங்கினாள். தெருவின் பெயர், ஒரு புள்ளி, நாட்டின் இரண்டு எழுத்து. அவ்வளவுதான். அதைத் தட்டினால் வெள்ளைப் பக்கம் ஒன்று வரும். கடைகளின் பெயர், என்ன வேலை, போன் நம்பர், திறக்கிற நேரம். படமில்லை, பாட்டில்லை. யாராவது கடை மாற்றினால் அன்று மாலைக்குள் அக்கா அதைத் திருத்திவிடுவாள். எண்பத்து மூன்று கடைகள் அதில் இருந்தன. பையில், பில்லில், பெயர்ப் பலகையில் எல்லாம் அந்த முகவரியைத்தான் அச்சடித்திருந்தார்கள்.

அதைப் பிடுங்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது.

பிடுங்கப் போகிறோம் என்று யாரும் எழுதுவதில்லை. ‘இடப்பெயர்கள் தொடர்பான கொள்கை வரைவு: பொதுமக்கள் கருத்துக் கேட்பு’ என்றுதான் எழுதியிருந்தது. அனுப்பியது பெயர்ப் பதிவகம். நாட்டின் இரண்டெழுத்தில் முடிகிற இணைய முகவரிகளையெல்லாம் பதிந்து கொடுக்கிற ஆபீஸ். அஞ்சல் நேராகக் குப்பைப் பெட்டிக்குள் போய் விழுந்து, பன்னிரண்டு நாள் கழித்து அக்கா கண்ணில் பட்டது. முப்பது நாள் அவகாசத்தில் பதினெட்டு பாக்கி.

நாற்பத்தாறு பக்கத்தையும் அக்கா பிரிண்ட் எடுத்து, பென்சிலும் கையுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். ஐந்தாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் பென்சில் நின்றது. ஊர், வட்டம், தெரு ஆகியவற்றின் பெயர்கள் இனி உள்ளாட்சி அமைப்புகளுக்கு மட்டுமே ஒதுக்கப்படும்; இப்போது வைத்திருக்கும் தனியார், ஆறு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். எங்கோ யாரோ ஊர்ப் பெயர்களை வளைத்துப்போட்டு மோசடிப் பக்கம் நடத்தினார்களாம். அதற்காக இந்த ஏற்பாடு.

“எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறானுங்க” என்றாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “கருத்து கேக்கறாங்கல்ல, சொல்லேன்” என்றார்.

“சொல்லத்தான் போறேன்.”

“லிஃப்ட்ல கதவை மூடுறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கும். நான் பார்த்த லிஃப்ட்ல பாதிக்கு அந்தப் பட்டனுக்குப் பின்னாடி வயரே கிடையாது. கதவு அது பாட்டுக்கு மூடும். ஜனங்க அமுக்கிக்கிட்டே இருப்பாங்க. ஒரு திருப்தி.”

“மீதிப் பாதிக்கு வயர் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“அப்புறம் என்ன? வாயை மூடிட்டுப் பேப்பரைப் படிங்க.”

இரண்டு நாள் உட்கார்ந்து அக்கா ஒரு கருத்து எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று சொல்லலாம். உட்பிரிவு எண் போட்டு, பதினான்கு ஆண்டுப் பயன்பாட்டைச் சொல்லி, ‘பொது நன்மைக்காகப் பயன்பட்டுவரும் முகவரிகளுக்கு விலக்களிக்க வேண்டுகிறேன்’ என்று கோரிக்கையை வைத்து, ஒன்பது வரியில் முடித்தாள். பதிவகத்தின் தளத்தில் கருத்துக்கான கட்டம் ஆயிரம் எழுத்துதான் பிடிக்கும். அவளுடையது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.

பிறகு கடைத்தெருவைத் திரட்டினாள். ஒருத்தி கத்தினால் யாருக்குக் கேட்கும், எண்பத்து மூன்று பேர் கத்தினால் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்பது அவள் கணக்கு. ஒவ்வொருவராக வரச் சொல்லி, அவரவர் பெயரில் அவளே பதிந்தாள். இதைச் சொல்வது சுலபம். பாதிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது, உண்டாக்கிக் கொடுத்தாள். இருந்தவர்களுக்குக் கடவுச்சொல் நினைவில்லை. போனுக்கு ஓடிபி வரும் என்றால் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். சாவிக்காரரின் நம்பர் அவர் மனைவி பெயரில் இருந்தது. அந்த அம்மா யாருக்கும் ஓடிபி சொல்லமாட்டேன் என்று போனிலேயே சாதித்தாள்.

“நான் உன் புருஷன்டி.”

“அப்படித்தான் எல்லா ஏமாத்துக்காரனும் சொல்வானாம். டிவியில போட்டான்.”

கடைசியில் அவர் வீட்டுக்கு நடந்துபோய், நேரில் முகத்தைக் காட்டி எண்ணை வாங்கிவந்தார். அதற்குள் பத்து நிமிடம் கடந்து அந்த எண் செத்துப்போயிருந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்வதற்கு ஏதோ இருந்தது. தையல்காரி நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். “அக்கா, நான் மூணு தடவை கடை மாறினேனா, மூணு தடவையும்…”

“அதெல்லாம் வேணாம். பிறந்த தேதி சொல்லு.”

“இல்லக்கா, இதைச் சொன்னா அவங்களுக்கே புரியும்.”

“நீ சொல்றது கதை. அவங்க கேக்கறது கருத்து. கேக்காததைச் சொன்னா கேட்டதும் கெட்டுப்போகும். பேசாம இரு.”

தையல்காரி பேசாமல் இருந்தாள். எண்பத்து மூன்று பேரையும் அக்கா அப்படித்தான் பேசாமல் இருக்க வைத்தாள். திரட்ட ஆரம்பித்த பதினைந்தாவது நாள், அதாவது கெடுவுக்கு ஒரு நாள் முந்தி, கடைசிக் கருத்தையும் அனுப்பிவிட்டு, பதிவு எண்களை வரிசையாக எழுதிய தாளைக் கண்ணாடி மேஜையின் அடியில் செருகினாள். எண்பத்து மூன்றிலும் ஒரு கமா பிசகவில்லை.

ஏழு வாரம் கழித்து அறிக்கை வந்தது.

அக்கா அதைக் கடையில் நின்றபடியே படித்தாள். ‘பெறப்பட்ட கருத்துகள்: 131. இவற்றுள் ஒரே வாசகம் கொண்ட 83 கருத்துகள், நடைமுறைப்படி ஒரு கருத்தாகக் கொள்ளப்பட்டன. பரிசீலிக்கப்பட்ட கருத்துகள்: 49.’ இன்னும் ஆறு பக்கம் தள்ளி, ஓர் அட்டவணையின் மூலையில், ‘ஒரு கருத்தாளர் 5.3க்கு விலக்குக் கோரியுள்ளார். குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று இருந்தது.

ஒரு கருத்தாளர். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆள் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை.

பதிவகத்தின் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அலைக்கழித்து, இருபத்தைந்து நிமிட இசைக்குப் பிறகு ஒரு பெண் பேசினாள். கருத்துக் கேட்புப் பிரிவு என்றாள். குரலில் சளி.

“மேடம், எண்பத்து மூணு பேர் எழுதினோம். ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமாங்க. ஒரே டெக்ஸ்ட்டா இருந்தா ஒண்ணாத்தான் எடுப்போம்.”

“ஆளு வேற வேற இல்லீங்களா?”

“இருக்கலாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் ஒரு கம்பெனி ஒரே லெட்டரை நாலாயிரம் பேர் பேர்ல அனுப்புச்சு. அதுல முந்நூறு பேர் உயிரோடவே இல்ல. அதுக்கப்புறம்தான் இந்த ரூல்.”

“எங்காளுங்க எண்பத்து மூணு பேரும் உயிரோட இருக்காங்க. வந்து எண்ணிக்கோங்க. டீயும் வாங்கித் தரேன்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவள்போல் சொன்னாள்: “நீங்க எழுதினது நல்லாருந்துச்சுங்க. உண்மையாச் சொல்றேன். நல்லா இருந்ததாலதான் எங்களுக்கே சந்தேகம். கடைக்காரங்க எழுதின மாதிரி இல்ல, யாரோ வக்கீல் எழுதிக் குடுத்த மாதிரி இருந்துச்சு.”

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்துக்கொண்டாள். “இப்போ என்ன பண்ணலாம்?”

“திருத்தின வரைவு வரும். அதுக்குப் பதினாலு நாள் குடுப்போம். ஆனா எது மாறியிருக்கோ, அதைப் பத்தி மட்டும்தான் கருத்துச் சொல்லலாம். மாறாததைப் பத்திச் சொன்னா, வரம்புக்கு வெளியேன்னு ஒதுக்கிடுவோம்.”

“எங்களைத்தான் நீங்க எண்ணவே இல்லையே, அது எப்படி மாறும்?”

“அதைத்தாங்க நானும் யோசிக்கறேன்” என்றாள் அந்தப் பெண். சொன்னது கிண்டலாகவும் படவில்லை. அதனால் அக்காவுக்குத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று.

வீட்டில் அன்று கணவரே பாத்திரங்களைக் கழுவி வைத்தார். லிஃப்ட் பேச்சை எடுக்கவில்லை. அந்த மட்டும் அவருக்கு விவரம் உண்டு.

திருத்திய வரைவு மழைக்காலத்தில் வந்தது. அக்கா 5.3ஐ நேராகத் திறந்தாள். எல்லாம் அப்படியே இருந்தது, ஒரு சொல் தவிர. ‘ஆறு மாதம்’ என்பது ‘பன்னிரண்டு மாதம்’ ஆகியிருந்தது. வேறெங்கோ ஒரு புண்ணியவான், காலி செய்ய நேரம் போதாது என்று எழுதியிருக்கிறான்; அவனைத் தனி ஆளாக எண்ணியிருக்கிறார்கள்.

ஆக, பன்னிரண்டு மாதத்தைப் பற்றி வாய் திறக்கலாம். கதவு அந்த அளவுக்குத்தான் திறந்திருந்தது. ஃபாரங்களோடு காலம் தள்ளியவளுக்கு அது போதும்.

மறுபடியும் கடை கடையாகப் போனாள். இந்தத் தடவை யாரும் எழுந்திருக்கவில்லை.

“அதான் அன்னைக்கே குடுத்துட்டமே” என்றார் கண்ணாடிக்காரர்.

“போன தடவை நம்பர் குடுத்ததுலேர்ந்து, நிலம் வேணுமா, மனை வேணுமான்னு எவன் எவனோ கூப்பிடறான். என்னை விட்டுருங்கக்கா” என்றார் செருப்புக் கடைக்காரர். அதற்கும் பதிவகத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரை நம்ப வைக்க முடியவில்லை. மருந்துக் கடைக்காரர் கும்பிடு போட்டு அனுப்பினார். அக்கா பேசாமல் இருக்கச் சொன்ன எண்பத்து மூன்று பேரில் அறுபத்து நான்கு பேர் பேசாமலே இருந்துவிட்டார்கள். பத்தொன்பது பேர் வந்தார்கள்.

வந்தவர்களோடும் தகராறுதான். தையல்காரி உட்கார்ந்து, “நீங்களே எழுதிடுங்கக்கா. நீங்க எழுதினாத்தான் அழகா இருக்கும்” என்றாள்.

“அழகா இருந்துதான் செத்தோம். நீயே சொல்லு. அன்னைக்கு என்னவோ சொல்ல வந்தியே.”

“என்ன சொல்ல வந்தேன்?”

“மூணு தடவை கடை மாறினேன்னு.”

“ஆமா மாறினேன்” என்றாள் தையல்காரி. பிறகு முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்றபோது வெள்ளமாக வந்த பேச்சு, வேண்டும் என்றபோது கல்லில் நார் உரிக்கிற பாடாக இருந்தது.

அக்கா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். “நான் ஃபாரம் எழுதல. சும்மா கேக்கறேன். பன்னெண்டு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் இல்லேன்னா உனக்கு என்ன ஆகும்?”

“என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் கடையைக் காலி பண்ணச் சொல்றவன் பன்னெண்டு நாள்கூடக் குடுக்கல. மாடிக்குப் போனேன், சந்துக்குப் போனேன், இப்போ இங்க இருக்கேன். பழைய ஆளுங்க எல்லாரும் இதுலதான் பார்த்து வந்தாங்க. கால் விளங்காத ஒரு அம்மா, அவங்க பாவாடைக்கு நான்தான் அளவு தெரிஞ்சவ. ரெண்டு மாசம் தேடியிருக்காங்க. யாரோ இதைத் தட்டிக் காட்டினதும் ஆட்டோ வச்சு வந்துட்டாங்க. பன்னெண்டு மாசத்துல நான் அவங்களுக்கெல்லாம் எங்க போய்ச் சொல்லுவேன், வீடு வீடாவா?”

அக்கா அடித்தாள். ‘பாவாடை’ என்ற சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றது. ஒரு அரசுத் தளத்தில் பாவாடையா. ‘உடை’ என்று மாற்றக் கை போயிற்று. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே விட்டாள்.

சாவிக்காரர் அதைவிட மோசம். ஓடிபி சொல்லாத மனைவியில் ஆரம்பித்து, தெருச் சாக்கடையில் நின்று, பக்கத்துக் கடைக்காரர் குடையை மாட்டிவைக்கிற ஆணி வரைக்கும் போனார். அக்கா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் அடித்தாள். அவளுக்குப் பல் வலிப்பது போல் இருந்தது.

“பன்னெண்டு மாசம்னு ஒரு தடவையாவது சொல்லுங்கண்ணே. அது வரலேன்னா தள்ளிடுவாங்க.”

அவர் யோசித்தார். “பூட்டிக்கிட்டு வெளிய நிக்கிறவனுக்கு ஒரு நிமிஷமே ஒரு யுகம்ங்க. மழை வேற பெய்யும். உள்ள பிள்ளை அழும். அவன் அந்தத் தெருப் பேரைத்தான் தட்டுவான், என் நம்பர் வரும். பன்னெண்டு மாசம் கழிச்சு அவன் அதைத் தட்டினா உள்ளாட்சி ஆபீஸ் வந்து பூட்டைத் தொறக்குமா? போட்டுக்கோங்க.”

போட்டுக்கொண்டாள். சாக்கடையை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று கெஞ்சிக் கேட்டாள். அவர் கூடாது என்றார்.

பத்தொன்பதையும் அனுப்பிய பின் அவளுக்குக் காய்ச்சலே வந்தது. பத்தொன்பதில் ஒன்றுகூட அவள் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. எழுத்துப்பிழை, பாதியில் நின்ற வாக்கியம், ஒருவர் பதிவக அதிகாரிக்குத் தம் கடை மெத்தையில் தள்ளுபடியே அறிவித்திருந்தார்.

இரண்டாம் அறிக்கை வந்தபோது பத்தொன்பது, பத்தொன்பதாகவே இருந்தது. சாவிக்காரர் சொன்ன பூட்டுக் கதையை அப்படியே மேற்கோள் காட்டியிருந்தார்கள், ‘தட்டுவான்’ என்பதைக்கூட மாற்றாமல். அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் முப்பது வருடமாகத் திருத்தமாக எழுதிக் கொடுத்தவளின் ஒரு வரியை யாரும் எங்கும் மேற்கோள் காட்டியதில்லை என்பது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

முடிவு இதுதான்: தெருப் பெயர்களைத் தனியாக ஆராய ஒரு குழு அமைக்கப்படும். குழு முடிவெடுக்கும்வரை இப்போது வைத்திருப்பவர்கள், வருடத்துக்கொரு முறை புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம். குழுவில் யார் இருப்பார்கள், எப்போது கூடும் என்று எழுதவில்லை. குழு தன் பரிந்துரையைத் தந்ததும் அதன் மீது பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படும்.

“மறுபடியுமா?” என்றார் கணவர்.

“மறுபடியும்.”

“ஜெயிச்சியா, தோத்தியா?”

“தெரியல. எண்ணிட்டாங்க.”

மறுநாள் காலை அக்கா கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது தையல்காரி கூப்பிட்டாள். அவள் கடைச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. பெயர்ப் பலகை எழுதுகிறவர் ஏணியில் நின்று, கடைப் பெயரையும் போன் நம்பரையும் முடித்துவிட்டு, நீலச் சாயத்தில் பிரஷ்ஷை நனைத்தபடி கீழே பார்த்தார்.

“அக்கா, அந்தத் தெரு முகவரியை எழுதறதா வேணாமான்னு கேக்கறாரு. நீங்கதான் சொல்லணும்” என்றாள் தையல்காரி.

“ஒரு வருஷத்துக்கு இருக்கு. அப்புறம் தெரியாது.”

“அது எனக்கு பதில் இல்லம்மா” என்றார் ஏணிக்காரர். “நான் இங்க நின்னுட்டிருக்கேன். ஆமாவா, இல்லையா?”

அக்கா சுவரைப் பார்த்தாள். கடைப் பெயருக்குக் கீழே போன் நம்பர், அதற்கும் கீழே ஒரு முழம் வெள்ளை இருந்தது. தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் அவள் கடை வாசலில் காத்து நின்றார்கள்.

“எழுதுங்க” என்றாள். “ஆனா போன் நம்பரோட சேத்து எழுதாதீங்க. கீழ, தனி வரியா எழுதுங்க. அழிக்க வேண்டி வந்தா, அதை மட்டும் அழிச்சுக்கலாம்.”